பனிக்காலத்தின் வாயிலில் ஒரு வேனில் விளையாட்டு

2001ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆம் நாள் இரவு. நியூயோர்க் நகரத்து யாங்கீ விளையாட்டரங்கிலே பல்லாயிரம் மக்கள் தடித்த மேலங்கிகளை அணிந்து, குளிருக்கு உடலைக் குறுக்கி அமர்ந்திருந்தனர். நியூயோர்க் யாங்கீஸ் குழுவுக்கும் அரிசோனா டயமண்ட்பாக்ஸ் குழுவுக்கும் இடையே, அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டத்தின் மிக உயர்ந்த போட்டியாகிய உலகத் தொடரின் நான்காம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது இன்னிங்ஸ்களில் வெற்றி தோல்வி துணியப்படாமல் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸை எட்டியது. கடிகார முட்கள் பன்னிரண்டைக் கடந்தன. ஒக்டோபர் மறைந்து நவம்பர் பிறந்தது. சில நிமிடங்களுள் டெரெக் ஜீட்டர் என்னும் ஆட்டக்காரர் அடித்த பந்து வலப்புற வேலியைத் தாண்டி மக்கள் நடுவே வீழ்ந்தது. யாங்கீஸ் குழு 4 – 3 என வென்றது.

நூறாண்டு காணும் நிலையில் இருந்த அத்தொடரின் வரலாற்றிலே, நவம்பர் மாதத்தில் ஆட்டம் நிகழ்ந்தது அதுவே முதல் முறை. அதற்கு உரிய காரணமும் இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் நிகழ்ந்த கொடிய தாக்குதல்களால் நாடே துயருற்றிருந்தபோது, ஆட்டங்கள் ஏறக்குறைய ஒரு வார காலம் நிறுத்தப்பட்டன. நின்றுபோன ஆட்டங்கள் பருவத்தின் இறுதியிற் சேர்க்கப்பட, உலகத் தொடரும் ஒரு வாரம் பின்னுக்குச் சென்றது. ஆகவே, இஃது ஒரு விதிவிலக்கு, மீண்டும் நிகழாது என்றே பலர் எண்ணினர்.

ஆனால் நிகழ்ந்தது வேறு. 2009இல் உலகத் தொடர் நவம்பர் 4ஆம் நாள் முடிந்தது. 2010, 2015, 2016, 2017, 2021, 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளிலும் நவம்பர் பிறந்த பின்னரே வெற்றிக் குழு எதுவென்று தெரிந்தது. விதிவிலக்கு என எண்ணப்பட்டது வழக்கமாகவே ஆகிவிட்டது. இளவேனிலில் தொடங்கி, முதுவேனிலின் நீண்ட பகற்பொழுதுகளுக்கென்றே பிறந்தது போன்ற ஒரு விளையாட்டு, உதிர்ந்த இலைகள் மண்ணில் மக்கும் காலத்தில் முடிசூட்டு விழாக் காண்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர், விளையாட்டின் வரலாற்றோடு ஒரு பெரிய நாட்டின் புகைவண்டி, விமானம், தொலைக்காட்சி, தொழிலாளர் உரிமை, வணிகம் ஆகிய அனைத்தின் வரலாற்றையும் சிறிது தொட்டுச் செல்லவேண்டியிருக்கும்.

பேஸ்போல், கிரிக்கெட் போன்றே பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவது. எறிபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். ஆயினும் கிரிக்கெட்டினின்று அது பெரிதும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. தொழில்முறைப் பேஸ்போல் ஏறக்குறைய நாள்தோறும் ஆடப்படுவது. வாரத்தில் ஆறு நாள், சில வாரங்களில் ஏழு நாளும், ஒரு குழு களத்தில் இறங்கும். ஒரு நாள் ஆட்டத்தில் மிகச் சிறந்த குழுவும் மிக எளிய குழுவிடம் தோற்றுவிடலாம். அவ்வளவுக்கு ஆட்டத்தில் தற்செயலின் பங்கு பெரிது. ஆதலின், எக்குழு உண்மையில் வல்லது என்று அறிய நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் வேண்டும் என்று அந்நாட்டார் தொடக்கத்திலேயே முடிவு செய்தனர். நீண்ட பருவம் என்பது இவ்விளையாட்டின் இயல்பிலேயே அமைந்தது எனலாம்.

நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்னும் இரு பெரும் பிரிவுகளின் வெற்றிக் குழுக்கள் தம்முள் மோதும் உலகத் தொடர் முதன் முதலாக 1903இல் நடந்தது. பொஸ்டன் குழுவும் பிற்ஸ்பேர்க் குழுவும் ஒக்டோபர் முதலாம் நாள் தொடங்கி 13ஆம் நாள் வரை எட்டு ஆட்டங்கள் ஆடின; பொஸ்டன் வென்றது. அடுத்த ஆண்டு நியூயோர்க் ஜயன்ட்ஸ் குழுவினர், புதிதாகத் தோன்றிய அமெரிக்கன் லீக்கின் குழுவோடு ஆட மறுத்ததால் தொடர் நடைபெறவில்லை. 1905இல் அதே குழுவின் உரிமையாளராகிய ஜோன் பிரஷ் என்பவரே தொடருக்கான விதிகளை வகுப்பதில் முன்னின்றார்.

அவ்விதிகளுள் ஒன்று இன்று நினைத்துப் பார்க்கத் தக்கது. ஆட்டக்காரருக்குரிய பங்கு, தொடரின் முதல் நான்கு ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு வருவாயிலிருந்து மட்டுமே வழங்கப்படவேண்டும் என்பது அது. காரணம் யாதெனின், எல்லா ஆட்டங்களிலும் பங்கு கொடுத்தால், பணத்தின் பொருட்டு ஆட்டக்காரர் தொடரை வேண்டுமென்றே நீட்டக்கூடும் என்னும் ஐயம். பணத்துக்காக இறுதிப் போட்டி நீண்டுவிடக்கூடாது என்னும் கவலை, அப்போட்டியின் பிள்ளைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. ஆனால் பிற்காலத்தில் நீட்டியவர் ஆட்டக்காரர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் விந்தை.

அந்நாளில் லீக் ஒன்றுக்கு எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் மற்றை ஏழு குழுக்களோடும் தலைக்கு 22 முறை மோதும். மொத்தம் 154 ஆட்டங்கள். 1903 தொடக்கம் 1952 வரை, அரை நூற்றாண்டு காலம், பதினாறு குழுக்களும் அதே பத்து நகரங்களில் நிலைத்திருந்தன. கிழக்கே பொஸ்டன், மேற்கே சென்ட் லூயிஸ். இவ்வெல்லைக்குள் புகைவண்டியில் இரவு ஏறினால் மறுநாள் அடுத்த நகரில் இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடுவது பெருவழக்கு. மக்களும் ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு ஆட்டங்களையும் கண்டு மகிழ்ந்தனர்.

இவ்வேற்பாட்டின் பயனை 1954ஆம் ஆண்டுக் கணக்கு நன்கு விளக்கும். அவ்வாண்டு ஏப்ரில் 13ஆம் நாள் தொடங்கிய பருவம் செப்டெம்பர் 26ஆம் நாள் முடிந்தது. அதாவது, 154 ஆட்டங்கள் 167 நாட்களுள் நிறைவெய்தின. மூன்று நாள் கழித்து உலகத் தொடர் தொடங்கியது. நியூயோர்க் ஜயன்ட்ஸ் குழு நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றமையால், ஒக்டோபர் 2ஆம் நாளே எல்லாம் முடிந்து ஆட்டக்காரர் வீடு திரும்பினர். ஏழு ஆட்டங்களும் நடந்திருந்தாலும், மழை குறுக்கிடாதிருப்பின், ஒக்டோபர் முதல் வாரத்தைப் பெரிதும் தாண்டியிராது.

அந்நிலை மாறியதற்குரிய முதலாவது காரணம் பருவம் நீண்டமை. 1958இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் குழுவும் நியூயோர்க் ஜயன்ட்ஸ் குழுவும் பசிபிக் கரையிலுள்ள கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. பேஸ்போல் கண்டம் முழுவதும் பரந்தது. புகைவண்டியின் இடத்தை விமானம் பிடித்தது. 1961இல் அமெரிக்கன் லீக் பத்துக் குழுக்களாகப் பெருகியது. ஒன்பது எதிரிகளோடு தலைக்கு 18 ஆட்டங்கள் எனக் கணக்கிட, 162 என்னும் எண் பிறந்தது. அடுத்த ஆண்டு நேஷனல் லீக்கும் அவ்வழியே சென்றது.

எட்டே எட்டு ஆட்டங்கள்தாமே என்று இதனைச் சிறிதாக எண்ணலாகாது. அந்த எட்டு ஆட்டங்கள் எத்துணைப் பெரிய பூசலை விளைத்தன என்பதை 1961ஆம் ஆண்டே காட்டியது. 1927இல் பேப் ரூத் என்னும் பெருவீரர் ஒரே பருவத்தில் 60 முறை பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, எவரும் எட்ட இயலாதது எனக் கருதப்பட்ட சாதனையை நிலைநாட்டியிருந்தார். 1961இல் ரொஜர் மாரிஸ் அதனை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பேஸ்போல் ஆணையாளர் போர்ட் பிரிக், 154 ஆட்டங்களுக்குள் அடித்தாலன்றி அது ரூத்தின் சாதனையை முறியடித்ததாகக் கொள்ளப்படாது, தனியாகவே குறிக்கப்படும் என்றார். மாரிஸ் தம் 61ஆவது அடியைப் பருவத்தின் இறுதி நாளாகிய ஒக்டோபர் முதலாம் நாள் அடித்தார். அந்த ஒரு வெற்றியின்மேல் விழுந்த நிழல் 1991இலேதான் முறைப்படி நீக்கப்பட்டது. மாரிஸ் அதற்கு முன்னரே, 1985இல், காலமாகிவிட்டார். ஆட்ட அட்டவணையில் எழுதப்படும் ஓர் எண், ஒரு மனிதனின் வாழ்நாட் புகழையே தொட்டுவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆட்டங்கள் எட்டுக் கூடினவாயினும், நாட்கள் அதனினும் மிகுதியாகக் கூடின. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் என்னும் வழக்கம் மெல்ல மறைந்தது. ஒரு சீட்டுக்கு இரண்டு ஆட்டங்கள் காட்டுவதால் ஒரு நாள் வருவாய் போய்விடும் என்று உரிமையாளர் எண்ணினர். மறுபுறம், ஆட்டக்காரரின் சங்கம் வலுப்பெற்றது. ஈராயிரம் மைல் பறந்து வந்து மறுநாட் பகலே ஆடச் சொல்வது முறையன்று எனவும், ஓய்வு நாள் வேண்டும் எனவும் சங்கத்தார் வாதாடினர். ஓய்வு நாளின்றித் தொடர்ந்து இருபது நாட்களுக்கு மேல் எக்குழுவுக்கும் ஆட்டம் குறிக்கலாகாது என்னும் வரையறை ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. 2018 முதல் 162 ஆட்டங்களுக்கு 187 நாட்கள் ஒதுக்கப்பட்டன. 1954இன் 167 நாட்களோடு இதனை ஒப்பிட்டால், எட்டு ஆட்டங்களின் பொருட்டு இருபது நாட்கள் கூடியமை புலனாகும். இதில் ஒரு பகுதி வணிகத்துக்காக. மற்றொரு பகுதி மனித உடலின் நலத்துக்காக.

இரண்டாவது காரணம் இறுதிச் சுற்றுக்கள் பெருகியமை. இதுவே தலையாய காரணம் எனலாம். 1968 வரை, நீண்ட பருவத்தின் முடிவில் லீக் ஒன்றில் முதலிடம் பெற்ற ஒரே ஒரு குழு நேரே உலகத் தொடருக்குச் சென்றது. அவ்வாண்டு டெட்ரோயிட் குழு ஏழாம் ஆட்டத்தில் வென்றபோது நாள் ஒக்டோபர் 10. 1969இல் குழுக்கள் இருபத்து நான்காகின. லீக் ஒவ்வொன்றும் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டு, இரு பகுதிகளின் முதற் குழுக்களும் ஐந்து ஆட்டத் தொடர் ஒன்றில் மோதிய பின்னரே உலகத் தொடர் என்று விதிக்கப்பட்டது. 1985இல் அந்த ஐந்து ஏழாயிற்று. அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம் ஒக்டோபர் 27ஆம் நாள் நடந்தது.

1994இல் ஆட்டக்காரரின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடைபெறாது போயிற்று. 1904க்குப் பின்னர் அவ்வாறு நேர்ந்தது அந்த ஒரு முறைதான். இரு உலகப் போர்களாலும் நிறுத்த முடியாததை ஊதியப் பூசல் நிறுத்தியது. மறு ஆண்டு ஆட்டம் மீண்டபோது, லீக் ஒவ்வொன்றும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலிடம் பெறாத குழுக்களுள் சிறந்த ஒன்றுக்கும் இடமளித்து, மேலும் ஓர் ஐந்தாட்டச் சுற்றுச் சேர்க்கப்பட்டது. 2012இல் இன்னும் ஒரு குழுவுக்கு இடம். 2022 முதல், முப்பது குழுக்களுள் பன்னிரண்டு குழுக்கள் இறுதிச் சுற்றுக்களுக்கு வருகின்றன: முதலில் மூன்று ஆட்டச் சுற்று, பின்னர் ஐந்து, பின்னர் ஏழு, இறுதியாக உலகத் தொடரின் ஏழு. முற்காலத்தில் பருவத்துக்குப் பின் ஒரு குழு ஆடக்கூடிய ஆட்டங்கள் ஏழு; இக்காலத்தில் இருபத்திரண்டு. இடையிடையே பயணத்துக்கும் ஓய்வுக்கும் நாட்கள் வேண்டும். ஒக்டோபர் முதல் நாள் தொடங்கினாலும், மாதம் முழுவதும் இதற்கே சரியாகிவிடுகிறது.

மூன்றாவது காரணம் தொலைக்காட்சி. உலகத் தொடர் 1921இல் முதன் முதலாக வானொலியில் ஒலித்தது. 1947இல் தொலைக்காட்சியிற் காணக் கிடைத்தது. ஆயினும் 1970 வரை அத்தொடர் பகலொளியிலேயே ஆடப்பட்டது. ஒக்டோபரின் பிற்பகல் வெயிலில் ஆட்டம் நடக்க, அலுவலகங்களிலும் கடைகளிலும் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து மக்கள் நின்றனர். பள்ளி விட்ட சிறுவர் எஞ்சிய இன்னிங்ஸ்களைக் கேட்க வீட்டுக்கு ஓடினர். 1971 ஒக்டோபர் 13ஆம் நாள் பிற்ஸ்பேர்க்கில் நடந்த நான்காம் ஆட்டமே மின்னொளியில் ஆடப்பட்ட முதல் உலகத் தொடர் ஆட்டம். வேலை முடிந்து வீடு திரும்பியோர் பல இலட்சக்கணக்கில் அதனைக் கண்டனர். இரவு ஆட்டத்தின் விளம்பர மதிப்பை ஒளிபரப்பாளர் கண்டுகொண்டனர். படிப்படியாகப் பகலாட்டம் குறைந்தது. 1987இல் மினியாபொலிஸ் நகரத்துக் கூரையிட்ட அரங்கில் நடந்த ஓர் ஆட்டத்தின் பின்னர், உலகத் தொடரிலே பகலாட்டம் என்பது இல்லையாயிற்று.

தொலைக்காட்சி ஆட்டத்தை இரவுக்குத் தள்ளியது. இறுதிச் சுற்றுக்களின் எண்ணிக்கையோ அதனை ஆண்டின் இரவாகிய குளிர்காலத்தின் பக்கம் தள்ளியது. இரண்டும் சேர்ந்தபோதுதான் இடர் முழுமையாகத் தெரிந்தது. 1976 ஒக்டோபர் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, சின்சினாட்டி நகரில் கடுங்குளிரில் ஆட்டம் நடந்தது. மக்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, ஆணையாளர் போவீ கூன் மட்டும் மேலங்கி இன்றி அமர்ந்திருந்தார். குளிர் ஒன்றும் பெரிதன்று என்று காட்டவே அவர் அங்ஙனம் இருந்தார் எனப் பத்திரிகையாளர் எள்ளினர். 1997இல் கிளீவ்லாந்து நகரில் நான்காம் ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை 38 பாகை பரனைற்று. அதாவது நீர் உறையும் நிலைக்குச் சற்றே மேல். அத்தகைய குளிரிலே எறிபவரின் விரல்கள் பந்தின் தையலை உணரா. மட்டையில் பந்து படும் அதிர்ச்சி கைகளைக் கொட்டும். அடர்ந்த குளிர்காற்றில் பந்து வழக்கமான தொலைவுக்குப் பறவாது. பருவம் முழுதும் ஆடிய ஆட்டம் ஒன்று, முடிவை நிர்ணயிக்கும் ஆட்டம் மற்றொன்று போலத் தோன்றும்.

மழையின் கதையும் உண்டு. மழை பேஸ்போலுக்குப் புதிய பகை அன்று. 1911இலேயே பிலடெல்பியாவில் மழை ஆறு நாட்கள் உலகத் தொடரைத் தடுத்து வைத்தது. ஆனால் 2008இல் அதே பிலடெல்பியாவில் நேர்ந்தது முன்னர் நிகழாதது. தொடரை முடித்துவைக்கக்கூடிய ஐந்தாம் ஆட்டம் ஒக்டோபர் 27ஆம் நாள் இரவு தொடங்கியது. குளிர்மழை கொட்டக் களம் சேறாகியது. ஆறாவது இன்னிங்ஸின் நடுவில், 2 – 2 எனச் சமநிலையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 29ஆம் நாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஆடிப் பிலடெல்பியாக் குழு வென்றது. மழையால் இடைநிறுத்தப்பட்டுப் பின்னொரு நாள் நிறைவுற்ற முதல் உலகத் தொடர் ஆட்டம் அதுவே.

இவ்விடரெல்லாம் தெரிந்தும், பருவத்தை முன்கூட்டியே தொடங்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். தொடங்கிப் பார்க்கவும் செய்தனர். 2018இல் மார்ச் 29ஆம் நாளே எல்லாக் குழுக்களுக்கும் பருவம் தொடங்கிற்று. அவ்வாண்டு உலகத் தொடரும் ஒக்டோபர் 28இல் முடிந்தது. ஆனால் அந்நாட்டின் வடபகுதியில் மார்ச்சும் ஏப்ரிலும் பனியின் ஆட்சிக்கு முற்றிலும் விடுபட்ட மாதங்கள் அல்ல. 2007 ஏப்ரிலில் கிளீவ்லாந்தில் பெய்த பனியால், சியாட்டில் குழுவோடு ஆடவேண்டிய ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அடுத்து வந்த குழுவோடு ஆட, உள்ளூர்க் குழு தன் அரங்கை விட்டு, மூடும் கூரையுள்ள மில்வோக்கி அரங்குக்குச் செல்லவேண்டியதாயிற்று. ஒரு முனையில் இழுத்தால் மறு முனை வெளிப்படும் குறுகிய போர்வை போன்றது அப்பருவம். தலையை மூடினால் கால் குளிர்கிறது. காலை மூடினால் தலை குளிர்கிறது.

அவ்வாறாயின், வெப்பமான நகரொன்றில் இறுதித் தொடரை நடத்தலாம் அன்றோ? பெருந்தொற்றுப் பரவிய 2020இல் அதுவும் செய்யப்பட்டது. பருவம் 60 ஆட்டங்களாகக் குறுக்கப்பட்டு, உலகத் தொடர் முழுவதும் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், கூரையுள்ள அரங்கில் நடந்தது. அவ்வாண்டின் இடருக்கு அது தக்க வழியே. ஆனால் தன் ஊர்க் குழு இறுதிப் போட்டி ஆடுவதைத் தன் ஊர் அரங்கில் காண்பதற்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்கும் மக்கள், அதனை வேற்றூருக்கு ஒருநாளும் விட்டுக்கொடார். 1908க்குப் பின்னர் உலகத் தொடரை வெல்லாத சிக்காகோ கப்ஸ் குழு, 2016இல் மீண்டும் வென்ற இரவை இங்கே கூறலாம். கிளீவ்லாந்தில் நவம்பர் 2ஆம் நாள் இரவு தொடங்கிய ஏழாம் ஆட்டம், மழையால் 17 நிமிடம் தடைப்பட்டு, பத்தாவது இன்னிங்ஸில், நள்ளிரவின் பின்னர் 8 – 7 என முடிந்தது. நூற்றெட்டு ஆண்டு காத்திருந்த ஊருக்கு, நவம்பர் குளிர் ஒரு பொருட்டாகத் தோன்றியிராது.

எஞ்சியிருக்கும் வழி குறைத்தல் ஒன்றே. ஆட்டங்களை மீண்டும் 154ஆக்குக என்னும் யோசனை அவ்வப்போது எழுகின்றது. ஆனால் எட்டு ஆட்டங்கள் குறையின், ஒவ்வொரு குழுவும் தன் சொந்த அரங்கில் நான்கு நாள் வருவாயை இழக்கும். ஆட்டக்காரரின் ஊதியமோ 162 ஆட்டங்களைக் கொண்ட பருவத்தை அடிப்படையாக வைத்துப் பேசப்பட்டது. இறுதிச் சுற்றுக்களைக் குறைக்கலாம் எனின், நாடெங்கும் காணப்படும் அவ்வாட்டங்களின் ஒளிபரப்பு உரிமையே பெருவருவாயின் ஊற்று. பணம் பத்தும் செய்யும் என்பர். நாட்காட்டியின் தாளைப் புரட்டுவதும் அப்பத்தினுள் ஒன்று போலும்.

இங்கே இழப்பு எது, ஊதியம் எது என்று நடுநின்று நோக்குதல் வேண்டும். முதல் இழப்பு நீதியைப் பற்றியது. அரையாண்டு காலம் ஆடிப் பெற்ற முதன்மை, சில நாட் சுற்றொன்றில் கரைந்துவிடுகின்றது. 2001இல் சியாட்டில் குழு 116 ஆட்டங்களை வென்று, 1906ஆம் ஆண்டுச் சிக்காகோ கப்ஸ் குழுவின் பெருஞ்சாதனையைச் சமன் செய்தது. எனினும் உலகத் தொடரைக் காணாமலே வீடு திரும்பியது. 2006இல் 83 ஆட்டங்களை மட்டும் வென்ற சென்ட் லூயிஸ் குழு உலகத் தொடரையே வென்றது. 2022இல் 111 ஆட்டங்களை வென்ற லொஸ் ஏஞ்சலிஸ் குழுவை, 89 வென்ற சன் டியேகோக் குழு நான்கே ஆட்டங்களில் வெளியேற்றியது. ஆனால் இதனை முற்றிலும் புதுக்குறை என்றும் சொல்லுதற்கில்லை. 116 வென்ற அந்தக் கப்ஸ் குழுவும், இடைச் சுற்று எதுவும் இல்லாத 1906இல், தன் ஊர்ப் போட்டிக் குழுவிடம் உலகத் தொடரில் தோற்றதே.

மற்றை இழப்பு சிறுவரைப் பற்றியது, அதுவே ஆழமானது. ஒரு விளையாட்டு அடுத்த தலைமுறைக்குச் செல்வது சிறுவரின் கண் வழியாகவும் காது வழியாகவும்தான். கிழக்குக் கரையிலே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நள்ளிரவை நெருங்கி முடியுமாயின், மறுநாட் பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவன் ஆறாம் இன்னிங்ஸிலேயே உறங்கிவிடுவான். வெற்றி பெற்றவர் யார் என்பதைக் காலை உணவின்போது கேட்டறிவான், கண்டறியான். பருவத்தின் நூற்றறுபது ஆட்டங்களைக் காண விட்டு, முடிவை மட்டும் காணவிடாத ஏற்பாடு இது. இக்குறையை நிருவாகத்தாரும் உணராமல் இல்லை. 2023இல் எறிபவருக்கு நேரவரையறை விதிக்கும் கடிகாரத்தைப் புகுத்தினர். முந்திய ஆண்டு சராசரியாக மூன்று மணி நான்கு நிமிடம் நீடித்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடமாகக் குறைந்தது. நாட்காட்டியைத் திருத்த இயலாதவர் கடிகாரத்தையேனும் திருத்தினர்.

ஊதியம் எனப்படுவது நம்பிக்கை. பழைய முறையில் ஓகஸ்ட் மாதத்திலேயே பெரும்பாலான நகரங்களுக்குப் பருவம் முடிந்ததற்கு ஒப்பாகும். மூன்றாம், நான்காம் இடத்திலிருந்த குழுவின் ஆட்டத்தைக் காண அரங்குக்கு வருவோர் அருகினர். இக்காலத்தில் செப்டெம்பர் இறுதி வரை பல ஊர்கள் தம் குழுவுக்கு ஒரு வழி திறக்குமா என்று எண்ணிக்கொண்டிருக்க முடிகின்றது. ஒரு சிலருக்கே உரியதாயிருந்த ஒக்டோபரைப் பலருக்கும் பங்கிட்டதன் விலையே நவம்பர் என்று சொன்னால் அது மிகையாகாது.

எதிர்மாறான ஆண்டு ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1918இல் முதலாம் உலகப் போரின் பொருட்டு, உடல்வலியுள்ள இளைஞர் போருக்குச் செல்க, அன்றேல் போருக்கு இன்றியமையாத தொழிலிற் சேர்க என்று அரசு கட்டளையிட்டது. பருவம் செப்டெம்பர் தொடக்கத்திலேயே முடிக்கப்பட்டது; உலகத் தொடர் செப்டெம்பர் 5ஆம் நாள் தொடங்கி 11ஆம் நாள் நிறைவுற்றது. முழுவதும் செப்டெம்பரிலேயே நடந்த ஒரே உலகத் தொடர் அது. இதமான காலநிலையில் ஆடப்பட்ட அத்தொடரை, அந்நாளில் எவரும் நற்பேறாகக் கருதவில்லை. அமைதி நிலவும் ஆண்டுகளில்தான் ஒரு விளையாட்டு பனிக்காலம் வரை நீளும் உரிமையைப் பெறுகின்றது.

2025ஆம் ஆண்டு உலகத் தொடரில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் குழுவும் கனடாவின் ரொறன்ரோக் குழுவும் மோதின. மூன்றாம் ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் நீண்டது. ஏழாம் ஆட்டம் நவம்பர் முதலாம் நாள் இரவு ரொறன்ரோவிலே, மூடக்கூடிய கூரையுள்ள அரங்கில் தொடங்கியது. பதினோராவது இன்னிங்ஸில், நள்ளிரவு கழிந்து நவம்பர் இரண்டாம் நாள் பிறந்த பின்னர், டொட்ஜர்ஸ் குழு 5 – 4 என வென்றது. 2001இல் நவம்பரை முதன் முதலாகத் தொட்ட ஆட்டத்தை மக்கள் வியப்போடு நோக்கினர். இருபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் அரங்கு நிறைய விழித்திருந்தோர் நாளையோ மாதத்தையோ எண்ணினாரல்லர். அடுத்து எறியப்படும் பந்தையே நோக்கியிருந்தனர். வேனிலில் விதைத்ததைப் பனியில் அறுவடை செய்யும் இவ்வழக்கம் நல்லதா தீயதா என்பதை, அன்றிரவு உறங்கிப்போன சிறுவரும் உறங்காது விழித்திருந்த சிறுவரும் வளர்ந்த பின்னர், அவர்களே துணிவார்கள்.